மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து: ஆப்பிள் கிரம்பிள் கேக் செய்முறை

அடியில் மெத்தென்ற வெண்ணெய் கேக், நடுவில் புளிப்பும் இனிப்புமாய் வெந்த ஆப்பிள், மேலே உதிரி உதிரியாய் மொறுமொறுவென்று கிரம்பிள். ஒரே துண்டில் மூன்று பதமும் கிடைப்பதால் பேக்கிங் பழக ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கேக்கைத்தான். ஐசிங் வேண்டாம், அலங்காரம் வேண்டாம். மேல்பகுதி சமமாக எழவில்லை என்றாலும் கிரம்பிள் அதை மூடிவிடும்.

பிரிட்டனில் கிரம்பிள் என்றால் பழத்தின் மேல் இந்த உதிரியைத் தூவி அப்படியே பேக் செய்வார்கள். அடியில் கேக் இருக்காது. ஜெர்மனியில் ஸ்ட்ராய்சல் என்ற பெயரில் இதே உதிரியைக் கேக்கின் மேல் தூவும் வழக்கம் உண்டு. நாம் செய்யப்போவது இந்த இரண்டாவது வகைக்கு நெருக்கமானது.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செய்முறையில் வெண்ணெய் இரண்டு இடத்தில் வருகிறது. கிரம்பிளுக்கு அது குளிர்ந்து கெட்டியாக இருக்க வேண்டும். கேக்குக்கு மெத்தென்று இளகியிருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் கிரம்பிள் உருகி ஒரே ஏடாகப் படியும், கேக் எழும்பாமல் அழுத்தமாக இருக்கும். மற்ற பெரும்பாலானவற்றைக் கொஞ்சம் முன்பின் செய்தாலும் சமாளித்துவிடலாம்.

தேவையானவை

20 செ.மீ. விட்டமுள்ள வட்டக் கேக் தகரத்துக்கான அளவு இது. பக்கச் சுவர் கழற்றக்கூடிய ஸ்பிரிங்ஃபார்ம் வகை இருந்தால் மிக வசதி.

கிரம்பிளுக்கு:
- மைதா 100 கிராம்
- பிரவுன் சுகர் 60 கிராம்
- உப்பில்லாத வெண்ணெய் 65 கிராம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன்
- உப்பு ஒரு சிட்டிகை

பழத்துக்கு:
- ஆப்பிள் 2 அல்லது 3 (தோல், விதை நீக்கிய பின் சுமார் 300 கிராம்)
- எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன்
- சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன்
- பட்டைத்தூள் 1 டீஸ்பூன்
- கார்ன்ஃப்ளார் 2 டீஸ்பூன்

கேக்குக்கு:
- மைதா 180 கிராம்
- பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன்
- உப்பு கால் டீஸ்பூன்
- உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம், இளகியது
- பொடித்த சர்க்கரை 140 கிராம்
- முட்டை 2
- பால் 80 மி.லி.
- வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன்

உப்பு சேர்த்த வெண்ணெய்தான் இருக்கிறது என்றால், மேலே சொன்ன உப்பை மட்டும் விட்டுவிடுங்கள், போதும்.

அளவுகளைக் கிராமில் கொடுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே கப்பில் மைதாவை மெல்லத் தூவி நிரப்பினால் 120 கிராம் வரும். கப்பையே மாவுக்குள் விட்டு அழுத்தி எடுத்தால் 150 கிராம் வரை போய்விடும். அந்த 30 கிராம் வித்தியாசமே கேக்கை வறட்சியாக்கிவிடும். ஒரு சிறிய டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். பேக்கிங்குக்கென்று வாங்கும் முதல் பொருள் அதுவாக இருக்கட்டும், கலவை அடிக்கும் பீட்டர் கருவிகூட அப்புறம்தான்.

முதலில் செய்ய வேண்டியவை

கேக்குக்கான 120 கிராம் வெண்ணெயையும் முட்டை, பாலையும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே வெளியே எடுத்து வையுங்கள். வெண்ணெயை விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் எண்ணெய் கசிந்து பளபளக்கக் கூடாது. வெயில் காலமென்றால் அரை மணி நேரமே போதும். கிரம்பிளுக்கான வெண்ணெய் ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும்.

தகரத்தின் உள்ளே வெண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டிப் போடுங்கள். சாதாரணக் கேக் தகரம்தான் இருக்கிறதா? அப்படியானால் நீளமான இரண்டு பேப்பர் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, நுனிகள் வெளியே தொங்கும்படி விடுங்கள். இந்தக் கேக்கைக் கவிழ்த்து எடுக்க முடியாது, கிரம்பிள் மொத்தமும் கொட்டிவிடும். அந்த நுனிகளைப் பிடித்துத் தூக்கித்தான் எடுக்க வேண்டும்.

கிரம்பிள்

அகலமான பாத்திரத்தில் மைதா, பிரவுன் சுகர், உப்பு மூன்றையும் கலந்துகொள்ளுங்கள். குளிர்ந்த வெண்ணெயைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி மாவில் போட்டு, ஒவ்வொரு துண்டும் மாவில் புரளும்படி கிளறுங்கள்.

இனி கை வேலை. உள்ளங்கையை உபயோகிக்காதீர்கள், அங்கே சூடு அதிகம். கட்டைவிரலுக்கும் மற்ற விரல் நுனிகளுக்கும் நடுவில் கொஞ்சம் மாவையும் வெண்ணெயையும் எடுத்துத் தேய்த்து, பாத்திரத்துக்கு மேலே கொஞ்சம் தூக்கி உதிர விடுங்கள். விழும்போது காற்றுப் பட்டு மாவு குளிர்ந்துகொண்டே இருக்கும். மூன்று நான்கு நிமிடத்தில் வெள்ளை மாவின் நிறம் லேசான மஞ்சளுக்கு மாறி, ஈர மணல் மாதிரி வரும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். அதுதான் பதம்.

அங்கேயே நிறுத்திவிடாமல், பாதி மாவைக் கைப்பிடி கைப்பிடியாக அழுத்திப் பிடித்து, பிறகு துண்டு துண்டாக உடைத்துவிடுங்கள். சில கட்டிகள் பட்டாணி அளவு, சில கட்டைவிரல் நகத்தின் அளவு, மீதி தூளாக. எல்லாம் ஒரே அளவில் இருந்தால் மேலே மணல் தூவியது போலத்தான் இருக்கும், கடிக்க ஒன்றும் கிடைக்காது.

தேய்க்கும்போது விரலில் எண்ணெய்ப் பசை தெரிந்து மாவு பிசுபிசுத்தால் உடனே நிறுத்தி, பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் 10 நிமிடம் வைத்துவிட்டுத் தொடருங்கள். முடிந்ததும் மொத்தத்தையும் மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், கேக் மாவு தயாராகும்வரை அங்கேயே இருக்கட்டும். குளிர்ந்த வெண்ணெய் ஓவனில் மெதுவாகத்தான் உருகும். அது முழுதாக உருகிப் பரவுவதற்குள் சுற்றியுள்ள மாவு வெந்து இறுகிவிடும், கட்டிகள் கட்டிகளாகவே நிற்கும்.

ஓவன்

இப்போது ஓவனை 180 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஃபேன் உள்ள ஓவன் என்றால் 160 போதும். கேக் உள்ளே போகும் முன் 15 முதல் 20 நிமிடமாவது சூடேற வேண்டும். தட்டை நடுவில் வையுங்கள். ஓடிஜி எனும் சிறிய மின் ஓவனில் மேல் சூட்டுக் கம்பி கேக்குக்கு மிக அருகில் வந்துவிடும். அதில் ஒரு படி கீழே வைப்பது நல்லது.

ஆப்பிள்

கெட்டியான, லேசாகப் புளிக்கும் ஆப்பிள் இதற்கு மிகப் பொருத்தம். கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள் கிடைத்தால் அதையே எடுங்கள். மாவு மாவாக இருக்கும் பழம் வெந்ததும் குழைந்துவிடும். தோல் சீவி, 1 செ.மீ. துண்டுகளாக வெட்டி எலுமிச்சைச் சாற்றில் புரட்டி வையுங்கள். கருக்காமல் இருக்கும்.

சர்க்கரை, பட்டைத்தூள், கார்ன்ஃப்ளார் மூன்றையும் இப்போதே சேர்க்க வேண்டாம். சர்க்கரை பட்டதும் பழம் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். கேக் மாவு தகரத்துக்குள் போன பிறகு சேர்த்துக் கலக்கினால் போதும். வேகும்போது பழம் விடும் சாற்றைக் கார்ன்ஃப்ளார் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அது இல்லையென்றால் அந்தச் சாறு அடியில் இருக்கும் கேக்கில் இறங்கிக் களியாக்கிவிடும்.

கேக் மாவு

மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்துச் சலித்து வையுங்கள்.

இளகிய வெண்ணெயையும் சர்க்கரையையும் பீட்டரால் நடுத்தர வேகத்தில் 3, 4 நிமிடம் அடியுங்கள். கையால் என்றால் 10 நிமிடம் ஆகும், தாராளமாகச் செய்யலாம். நிறம் வெளுத்து, அளவு கூடி, கரண்டியில் எடுத்தால் கனமே தெரியக் கூடாது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். சர்க்கரைத் துகள்கள் வெண்ணெய்க்குள் உரசி உரசிச் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்களை உண்டாக்குகின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ் எதையும் உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பதைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. எவ்வளவு பேக்கிங் பவுடர் போட்டாலும் இங்கே காற்று ஏறவில்லை என்றால் இந்தக் கேக் சரியாக எழும்பாது.

முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி அடியுங்கள். முதல் முட்டை முழுக்கச் சேர்ந்த பிறகே அடுத்தது. வெனிலாவும் சேர்க்கலாம். கலவை திரிந்தது போலத் தெரிந்தால் முட்டை இன்னும் குளிராக இருக்கிறது என்று அர்த்தம். பயப்பட ஒன்றுமில்லை, சலித்த மாவில் ஒரு டேபிள்ஸ்பூன் போட்டு அடித்தால் சேர்ந்துவிடும்.

இனி பீட்டரை ஓரமாக வைத்துவிட்டு ஸ்பாட்டுலா எனும் தட்டைக் கரண்டியை எடுங்கள். மாவில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு பாதிப் பால், மறுபடி மாவு, மீதிப் பால், கடைசியில் மீதி மாவு. அடியிலிருந்து மேலே மடித்து மடித்துக் கலக்குங்கள். வெள்ளை மாவு கண்ணில் படாத அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கலக்கினால் மைதாவின் பசைத்தன்மை கூடி, கேக் ரப்பராக இழுக்கும். மாவு கெட்டியாக, கரண்டியிலிருந்து ‘பொத்’தென்று விழும் பதத்தில் இருக்கும். அது சரிதான், பால் சேர்த்து இளக்க வேண்டாம். கெட்டியாக இருந்தால்தான் பழத்தைத் தாங்கும்.

அடுக்குதல்

மாவைத் தகரத்தில் போட்டுச் சமமாகப் பரப்புங்கள். ஆப்பிளில் சர்க்கரை, பட்டைத்தூள், கார்ன்ஃப்ளார் சேர்த்துப் புரட்டி, பாத்திரத்தின் அடியில் தேங்கிய சாற்றை விட்டுவிட்டு, துண்டுகளை மட்டும் மேலே பரப்புங்கள். விளிம்பில் ஒரு விரல் அகலம் காலியாக இருக்கட்டும். பழச்சாறு தகரத்தின் சுவரில் பட்டால் கருகி ஒட்டிக்கொள்ளும்.

கிரம்பிளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, கட்டிகள் உடையாமல் விரலால் அள்ளித் தூவுங்கள். அழுத்தாதீர்கள். அங்கங்கே ஆப்பிள் எட்டிப் பார்த்தால் பரவாயில்லை, பழத்தின் ஆவி வெளியேற அந்த இடைவெளிதான் வழி. ஆவி உள்ளேயே அடைபட்டால் கிரம்பிளின் அடிப்பக்கம் நமத்துவிடும்.

பேக் செய்தல்

50 முதல் 55 நிமிடம். முதல் 35 நிமிடம் ஓவன் கதவைத் திறக்க வேண்டாம். உள்ளே கேக் இன்னும் இறுகியிருக்காது, சூடு குறைந்தால் நடுவில் அமுங்கிவிடும். 35 நிமிடத்துக்குப் பிறகு மேல்பகுதி சீக்கிரம் சிவந்துவிட்டதாகத் தோன்றினால் ஒரு அலுமினியம் ஃபாயிலை மேலே லேசாகப் போர்த்திவிடுங்கள், இறுக்கி மூட வேண்டாம்.

வெந்ததா என்று பார்க்க நடுவில் ஒரு நீளக் குச்சியைச் செருகி எடுங்கள். பழக் கேக்கில் இந்தச் சோதனை கொஞ்சம் குழப்பும். குச்சியில் ஈரம் தெரிந்தாலே வேகவில்லை என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி மாதிரி ஈரம் இருந்தால் அது ஆப்பிள் சாறு. வெளிறிய மாவு பிசுக்கென்று ஒட்டியிருந்தால்தான் இன்னும் 5, 7 நிமிடம் தேவை. சந்தேகமிருந்தால் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள், கிரம்பிளில் அந்த ஓட்டைகள் தெரியவே தெரியாது. உணவு வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது: நடுவில் 98 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது.

வெளியே எடுத்ததும் தகரத்திலேயே 30 நிமிடம் விடுங்கள். சூடாக இருக்கும்போது கிரம்பிள் மிருதுவாகத்தான் இருக்கும். ஆற ஆறத்தான் மொறுமொறுப்பு ஏறும். ஓரத்தில் ஒரு மெல்லிய கத்தியைச் சுற்றி ஓட்டி, தகரத்தின் சுவரைக் கழற்றுங்கள். வெட்டுவதற்கு ரம்பப் பல் உள்ள ரொட்டிக் கத்தி நல்லது. அழுத்தாமல் அறுத்தால் மேல்பகுதி சிதறாது.

வேறு பழங்கள்

பேரிக்காய்க்கும் இதே அளவு, இதே முறை. பிளம், பீச் என்றால் தோல் சீவ வேண்டாம். துண்டு போட்டு, வெட்டிய பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். உறைந்த பெர்ரி என்றால் உருக விடாமல் அப்படியே கார்ன்ஃப்ளாரில் புரட்டிப் போட்டுவிட்டு, பேக்கிங் நேரத்தை 5 முதல் 10 நிமிடம் கூட்டுங்கள். பெர்ரி நிறையச் சாறு விடும் என்பதால் கார்ன்ஃப்ளார் 1 டேபிள்ஸ்பூன் தேவை. அன்னாசியைப் பச்சையாகப் போடாதீர்கள். பொடியாக நறுக்கி, வாணலியில் தண்ணீர் வற்றும்வரை வதக்கி, ஆறவைத்துச் சேர்த்தால் அருமையாக வரும். டின்னில் வரும் பழத்தை நன்றாக வடித்து, துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். தர்பூசணி மாதிரி தண்ணீர்ப் பழங்கள் இதற்கு ஆகாது.

முட்டை சேர்க்காதவர்கள் இரண்டு முட்டைக்குப் பதில் 120 கிராம் கெட்டித் தயிரும், மாவோடு கால் டீஸ்பூன் பேக்கிங் சோடாவும் சேருங்கள். பாலை 40 மி.லி. ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். கேக் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும், ருசியில் குறைவிருக்காது.

மிச்சம் இருந்தால்

செய்த அன்று சாப்பிடுவதுதான் இதற்கு அழகு. ஒரு ராத்திரி கழிந்தால் பழத்தின் ஈரத்தைக் கிரம்பிள் இழுத்துக்கொண்டு நமத்துப்போகும். முழுக்க ஆறிய பிறகே மூடி வையுங்கள். ஈரப்பழம் இருப்பதால் மறுநாளிலிருந்து ஃப்ரிட்ஜ்தான், மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். சாப்பிடும் முன் 160 டிகிரி ஓவனில் 10 நிமிடம் வைத்தால் மேல்பகுதி மறுபடி மொறுமொறுக்கும். மைக்ரோவேவில் சூடுபண்ணினால் சூடு ஏறும், மொறுமொறுப்பு வராது.

கிரம்பிளை மட்டும் இரண்டு மடங்காகச் செய்து, பாதியை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் தாராளமாக இருக்கும், உருக விடாமல் அப்படியே எடுத்துத் தூவலாம். அடுத்த முறை கேக் செய்ய நேரமில்லையென்றால் நறுக்கிய பழத்தை ஒரு ஓவன் பாத்திரத்தில் பரப்பி, மேலே இதைத் தூவி 180 டிகிரியில் 35 நிமிடம் வைத்தாலே போதும், ஒரு இனிப்பு தயார்.