பாக்கிக் கணக்கை வியூவிலிருந்து வெளியே எடுத்த கதை

லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில் எழுதிய ஒரு ஆர்டர் செயலி. கடைசி 50 ஆர்டர்களைக் காட்டும் பக்கம் திறக்கவே நேரம் எடுத்தது. பக்கத்துக்கான தரவை எடுத்துக் கொடுக்கும் கன்ட்ரோலரைப் பார்த்தால், டேட்டாபேஸுக்கு ஒரே ஒரு கொயரிதான் (தரவு கேட்கும் கட்டளை). ஓடும் கொயரிகளைக் காட்டும் டீபக்பாரைப் போட்டேன்: 101 கொயரி!

காரணம் பிளேடு கோப்பில், அதாவது பக்கத்தை வரையும் வியூவில் இருந்தது. லூப்புக்குள் ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரை எடுக்க ஒரு கொயரி, கட்டிய பணத்தைக் கூட்டிப் பாக்கியைக் கணக்கிட இன்னொன்று. இதைவிட என்னைக் கவலைப்படுத்தியது வேறு. அதே பாக்கிக் கணக்கு பில் அச்சிடும் வியூவிலும் தனியாக இருந்தது. அதில் திருப்பிக் கொடுத்த பணம் கழிக்கப்படவில்லை. ஒரே ஆர்டருக்குத் திரையில் ஒரு தொகை, பில்லில் வேறு தொகை. வாடிக்கையாளரின் பணம் சம்பந்தப்பட்டது, இப்படி விட்டுவைக்கவே கூடாது.

முதலில் கணக்கை கன்ட்ரோலருக்கு மாற்றினேன். அப்புறம் யோசித்தால், பில்லுக்கு வேறு கன்ட்ரோலர், அங்கேயும் நகல் எடுக்க வேண்டிவரும். அதனால் பாக்கி விதியை ஆர்டர் மாடலில் (டேட்டாபேஸின் ஆர்டர் டேபிளுக்கான கிளாஸ்) வைத்தேன். கன்ட்ரோலர் 'வித்' மூலம் வாடிக்கையாளர்களை மொத்தமாகவும், 'வித்சம்' மூலம் கட்டணக் கூட்டுத்தொகையை ஆர்டரோடு சேர்த்தும் எடுக்கிறது. மொத்தம் 2 கொயரி. பணமே கட்டாத ஆர்டருக்கு 'வித்சம்' 0 தராது, நல் (மதிப்பே இல்லை) தான் தரும். மாடலில் அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

டெவலப்மென்ட் சூழலில், தொடர்புடைய தரவை முன்கூட்டி எடுக்காமல் தேவைப்படும்போது தனித்தனியாக எடுப்பதைத் தடுக்கும் 'பிரிவென்ட் லேசி லோடிங்' அமைப்பையும் போட்டுவிட்டேன். இனி லூப்புக்குள் யாராவது வாடிக்கையாளரைத் தனித்தனியாக இழுத்தால் உடனே பிழை வந்து நிற்கும்.