கெட்டிமேளமும் என் மகனின் காதும்

கல்யாண மண்டபம் என்றாலே என் மகனுக்குக் குலைநடுக்கம். கெட்டிமேளம் முழங்கினால் காதைப் பொத்திக்கொண்டு பந்தி மேசைக்கடியில் புகுந்துவிடுவான். "செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்க" என்பார் பெரியத்தை. அவனுக்கு ஆட்டிசம், சத்தம் நிஜமாகவே வலிக்கிறது.

மருந்துக்கடையில் ஸ்பாஞ்ச் இயர்பிளக் கிடைத்தது. அதைத் திரி மாதிரி மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, உப்பும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்தினால் பிரயோஜனமில்லை. அட்டையில் 30 டெசிபல் குறையும் என்று போட்டிருந்தாலும் நடைமுறையில் அவ்வளவு குறையாது.

முதலில் வீட்டில், மிக்சி ஓடும்போது பழக்கினேன். சுவிட்சைப் போடுவது அவன் வேலை. எப்போது சத்தம் வரும் என்பது அவன் கையில் இருந்ததால் பயம் பாதி போச்சு. மண்டபத்தில் தவிலுக்கு உறை கழற்றும்போதே மாட்டிவிடுவேன். சத்தம் கிளம்பிய பிறகு காதைத் தொடவே விடமாட்டான்.

நாள் முழுக்கப் போடுவதில்லை. போட்டால் சாதாரணச் சத்தமும் தாங்காமல் போய்விடும் என்றார் தெரபிஸ்ட். வாயில் போடும் வயதுக் குழந்தைக்கு இது கூடவே கூடாது, தொண்டையில் சிக்கும். ஹெட்போன் மாதிரியான இயர்மஃப் தேவலை. தீபாவளிக்கு மட்டும் இவனுக்கு இரண்டும் சேர்த்து.