தேயிலையில் அலை, நடுவில் சிற்பம்: மலைச்சரிவுக்கு ஒரு டோபியரி

பிரான்ஸின் நார்மண்டிக் கடலோரத்தில், எட்ரெத்தா ஊரின் பாறைமுகட்டில் 2017-ல் திறந்த டோபியரித் தோட்டம் ஒன்று உண்டு; டோபியரி என்றால் செடிகளைக் கத்தரித்து வடிவங்களாக்கும் கலை. கத்தரித்த பச்சை உருண்டைகளுக்கு நடுவே சிற்பி சாமுவேல் சால்செதோ செய்த பெரிய மனித முகங்கள் கிடக்கும். அதைப்போல ஊட்டியிலோ கோத்தகிரியிலோ அமைக்க நினைத்தால் டோபியரிக்கு வெளிநாடுகளில் வழக்கமாக வளர்க்கும் பாக்ஸ்வுட் புதரைத் தேடி அலைய வேண்டாம். இங்கே கவாத்துக்கு நன்றாகப் படிகிற செடி தேயிலை. நம் மலையின் அமில மண்தான் அதற்கு வேண்டும். முற்றிய கட்டையில் வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும் என்பதால், கைதவறினால்கூடத் திருத்திக்கொள்ளலாம்.

முதலில் சிற்பத்தின் இடத்தை முடிவு செய்யுங்கள், செடி அப்புறம். தண்ணீர்க் குழாயைத் தரையில் வளைத்துப் போட்டு, சரிவுக்குக் குறுக்காக, அலைபோல வளைந்து போகும் தேயிலைப் புதர் வரிசைகளுக்குக் கோடு வரையுங்கள். மேலிருந்து கீழாக வரைந்தால் ஜூன் மழையில் மண் அரித்துக்கொண்டு போய்விடும்.

10 அடி நீளம், 6 அடி அகல அலைக்கு 15 முதல் 18 நாற்று போதும். ஒரு வயது கடந்த பை நாற்றாக வாங்கி, 2 அடி இடைவெளியில் முக்கோணமாக நடுங்கள். குழி ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். தொழு உரம் போடலாம், சுண்ணாம்பு மட்டும் கூடாது. வேர் பிடித்து நான்கைந்து மாதம் ஆனதும், 8 முதல் 10 முற்றிய இலைகளை விட்டு நடுத்தண்டைக் கிள்ளிவிடுங்கள். இதைத் தவறவிட்டால் செடி ஒற்றைக் குச்சியாக உயரும், அடியில் வெறுமை தெரியும். அலை மூடிக்கொள்ள மூன்று வருடம் ஆகும்.

வளைவு ஒரே சீராக வர, 6 மி.மீ. கம்பியை அலை வடிவில் வளைத்து தரையில் அடித்த இரண்டு முளைக்குச்சிகளுக்கு நடுவே கட்டி, அதற்குக் கீழே வெட்டுங்கள். உருண்ட பரப்பில் கத்தரியைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் நுனி உள்ளே குத்திக் குழி விழும். அடி அகலமாகவும் மேல் குறுகியும் இருக்கட்டும். மேல் பருத்தால் வெயில் படாத அடி இலை உதிரும், திரும்ப நிரம்பப் பல மாதம் பிடிக்கும்.

எப்போது வெட்டுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பனி விலகிய பிப்ரவரிக் கடைசியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, செப்டம்பர் கடைசியில் ஒன்று. ஜூலை மூடுபனியில் வெட்டினால் வருகிற இளந்துளிரைக் கொப்புள நோய் பிடிக்கும். இலையின் அடிப்பக்கம் வெள்ளைக் கொப்புளமாகப் புடைக்கும். நவம்பரில் வெட்டினால் துளிர் உறைபனியில் கருகும். உறைபனி விழுந்த காலையில் வெயில் ஏறுமுன் செடிமேல் தண்ணீர் தெளியுங்கள். கருகிய இலையை உடனே கழிக்காதீர்கள், பிப்ரவரி வரை அது கீழிருக்கும் மொட்டுக்குப் போர்வை.

கூம்போ தூணோ வேண்டுமென்றால் சைப்ரஸ் வையுங்கள். கலிபோர்னியாவின் மான்டெரேக் கடற்கரையிலிருந்து வந்து நம் மலையில் வேரூன்றிய மரம் அது. ஆனால் தேயிலைபோல மன்னிக்காது. பச்சை தாண்டிப் பழுப்புக் கட்டையில் வெட்டிய இடம் மொட்டையாகவே நிற்கும். ஒவ்வொரு முறையும் பச்சை நுனியில் கொஞ்சமாக எடுங்கள்.

சிற்பத்தில் பெரிய தொல்லை அதன் பீடம். சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தைக் குறைத்துவிடும். பக்கத்துத் தேயிலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து, இளம் இலை மஞ்சளித்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். கருங்கல்லைச் சாந்து இல்லாமல் வறட்டாக அடுக்கிப் பீடம் கட்டுங்கள். சிமெண்டுதான் வழி என்றால் செடியை 2 அடி தள்ளி நடுங்கள், கத்தரியோடு ஆள் நுழையவும் அந்த இடைவெளி வேண்டும். சுடுமண் சிற்பம் ஊட்டிக்கு ஆகாது: ஊறிய நீர் உறைந்து விரிசல் விடும். இரும்பு என்றால் அடியில் நீர் வடிய விரலளவு ஓட்டை போடுங்கள். அலுமினியம் நம் ஈரத்துக்கு நன்றாகத் தாங்கும்.

குன்னூர், கொடைக்கானல் பக்கம் காட்டு மாடு நடமாட்டம் இருக்கும். இரண்டு அலைகளுக்கு நடுவே முட்டுச்சந்து விடாதீர்கள். 6 அடிப் பாதை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திறந்திருந்தால் மாடு அதன் வழியே போய்விடும். வழி அடைத்திருந்தால் அலையைத்தான் மிதித்துக்கொண்டு போகும். உடைந்த கிளையைச் சாய்வாக வெட்டிவிட்டால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.