மீட்டர் வைத்து டிவி நிறம் திருத்துகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் சொந்தமாகக் கலரிமீட்டர் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) வாங்கி டிவி நிறத்தைத் திருத்துபவர்களைப் பார்க்கிறேன். சந்தோஷம்தான். ஆனால் புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்ப அதே இடங்களில் மாட்டுகிறார்கள். விவிட் மோடில் தொடங்குவது, டைனமிக் கான்ட்ராஸ்ட்டை அணைக்காமல் விடுவது எல்லாம் மெனுவைப் பார்த்தாலே பிடிபடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

திரை வகையைத் தப்பாகக் கொடுப்பது

காசைக் கரைக்கும் தவறு இதுதான். இன்னமும் எரிச்சல் வருகிறது. கலரிமீட்டரின் நிற வடிகட்டிகள் நம் கண்ணைப் போலவே ஒளியைப் பார்ப்பதில்லை. எந்த வகைத் திரை என்று தெரிந்தால்தான் மென்பொருள் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். பழைய எல்சிடியின் ஒளிக்குழாய் வேறு, இன்றைய எல்இடி வேறு, ஓஎல்இடி வேறு.

தலவாக்கலையில் ஒரு தம்பி எச்சிஎஃப்ஆர் என்ற அளவீட்டு மென்பொருளை வைத்துப் புது எல்இடி டிவியைத் திருத்தினார். வெள்ளைப் புள்ளி, அதாவது வெள்ளையின் நிறத்தைச் சொல்லும் எண்கள், தரநிலை கேட்கிறபடியே எக்ஸ் 0.3127, வை 0.3290. அச்சுப் பிசகவில்லை. ஆனால் அக்காவின் கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் வேட்டி பச்சையடித்தது. பேனல் பழுது என்று முடிவுகட்டி, டிவியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்கினார். அதிலும் அதே பச்சை! நான் போய்ப் பார்த்தால், திரை வகையில் சிசிஎஃப்எல் எல்சிடி, அதாவது அந்தப் பழைய ஒளிக்குழாய் வகை, என்று கிடக்கிறது. அதை மாற்றி அளந்ததும் எண்கள் எங்கோ தள்ளி நின்றன. பழுதே இல்லாத டிவி கைவிட்டுப் போனதுதான் மிச்சம்.

இன்னொன்று. இந்தச் சரிக்கட்டலுக்கு மென்பொருளில் போடும் கோப்புகளைப் பற்றி. சிசிஎம்எக்ஸ் கோப்பு ஒரு குறிப்பிட்ட மீட்டருக்கும் திரைக்கும் சேர்த்துச் செய்தது, இரவல் வாங்காதீர்கள். சிசிஎஸ்எஸ் கோப்பு திரையின் நிறமாலையை மட்டும் சொல்வது. உங்கள் மீட்டர் அதை ஏற்குமென்றால், உங்கள் பேனல் வகைக்கானதைத் தாராளமாகப் போடலாம். எண் சரி, கண்ணுக்குச் சரியில்லை என்றால் முதலில் இந்த இடத்தைத் திறந்து பாருங்கள்.

குளிரோடு அளப்பது

பொதுவாக அரை மணி நேரம் டிவியை ஓடவிட்டு அளக்கச் சொல்வார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவில் அங்கே ஒரு மணி நேரமாவது விடுங்கள். மீட்டரையும் அப்போதே திரையில் தொங்கவிடுங்கள். குளிர்ந்த லென்ஸில் ஈரம் படிந்தால் அளவை நம்ப முடியாது.

அடுத்தவர் எண்களைப் போடுவது

வேண்டாம். ஒரே மாடலிலும் பேனலுக்குப் பேனல் மாறும்.

பச்சையைத் தொடுவது

எச்டி நிற அளவுகோலில் வெள்ளையின் பிரகாசத்தில் ஏறக்குறைய 72 சதவீதம் பச்சையுடையது. அதை அசைத்தால் வெளிச்சம், காமா (கறுப்பிலிருந்து வெள்ளைவரை வெளிச்சம் ஏறும் விதம்) எல்லாம் கூடவே நகரும். டிவியின் ஒயிட் பேலன்ஸ் மெனுவில் சிவப்பையும் நீலத்தையும் மட்டும் திருப்புங்கள். 80 சதவீதச் சாம்பலில் கெயின் (வெளிச்சமான பகுதிக்கானது), அப்புறம் 30 சதவீதத்தில் ஆஃப்செட் (இருண்ட பகுதிக்கானது). ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் விலகும். இரண்டும் நிலைக்கும்வரை மாறி மாறிச் செய்துவிட்டு, அதற்குப் பிறகே சாம்பலை 20 படியாகப் பிரித்துத் திருத்தும் 20 புள்ளி மெனுவுக்குப் போங்கள்.