டாக்லியோனியின் பாவாடை: விக்டோரியா காலத்துப் பாலே உடையை வீட்டிலேயே தைப்போம்

பாலே என்றதும் நம் கண்ணில் வருவது தட்டு மாதிரி விறைத்து நிற்கும் குட்டைப் பாவாடைதான். ஆனால் விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்த 1837-இல் அப்படி ஒரு பாவாடை எந்த மேடையிலும் கிடையாது. அப்போது இருந்தது கெண்டைக்கால் வரை மணி போல இறங்கும் வெள்ளைப் பாவாடை. இன்றைக்கு அதைத்தான் தைக்கப் போகிறோம். மெஷினில் நேர்த்தையல் ஓட்டத் தெரிந்தால் போதும், இரண்டு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

துணி எடுக்கும் முன், என்ன தைக்கிறோம் என்று பார்த்துவிடலாம். 1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' அரங்கேறியது. காற்றுத் தேவதையாக ஆடியவர் மரீ டாக்லியோனி, நடனம் அமைத்தவர் அவருடைய அப்பா ஃபிலிப்போ. இறுகப் பிடித்த மேல்சட்டை, திறந்த கழுத்தும் தோளும், முதுகில் குட்டிச் சிறகு, கீழே மெல்லிய வெள்ளைப் பாவாடை. இதில் மேல்பாதி அன்றைய பணக்கார வீட்டுப் பெண்கள் விருந்துக்குப் போட்டுக்கொண்ட கவுனேதான். வித்தியாசமெல்லாம் இடுப்புக்குக் கீழே. விருந்துக் கவுன் உள்பாவாடைகளின் கனத்தோடு தரையை நோக்கி இறங்கும். டாக்லியோனியின் பாவாடையோ பாதத்தைக் காட்டியது. நுனிவிரலில் நிற்கும் வித்தையைப் பார்க்கத்தானே கூட்டம் வந்தது!

சிறுமியாக இருந்தபோது விக்டோரியாவும் அவருடைய ஆசிரியை லேசனும் 132 சின்ன மரப்பொம்மைகளுக்கு உடை தைத்து அடுக்கினார்கள். அவற்றில் பாலே ஆடுபவர்களும் உண்டு, டாக்லியோனியும் உண்டு. ஆக, இந்தப் பாவாடையை வீட்டில் தைத்துப் பார்க்க ஆசைப்பட்டதில் நீங்கள் முதல் ஆள் இல்லை.

படி 1: துணி

கடையில் 'சாஃப்ட் நெட்' என்று கேளுங்கள். 60 அங்குல அகலத்தில் 8 மீட்டர் வேண்டும். கடைக்காரர் 'கேன்கேன்' எடுத்துப் போடுவார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லெஹங்காவுக்கு அடியில் வைக்கும் அந்த விறைப்பு வலைக்குப் பெயர் கொடுத்ததும் 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் ஆட்டம்தான். ஆனால் அது நிற்கும், நமக்கு வேண்டியது விழும் துணி. ஒரு முனையைக் கையில் கசக்கி விட்டுப் பாருங்கள். மெதுவாக விரிந்து தொங்கினால் சரி, ஸ்பிரிங் மாதிரி எகிறினால் வேறு எடுக்கச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்தில் இதற்கு மஸ்லினும், டார்லட்டான் என்ற கஞ்சி போட்ட சல்லாத்துணியும், டல் என்ற வலைத்துணியும் பயன்பட்டன. வலை கையால் பின்னப்பட்ட வரை அது சீமாட்டிகளின் சொத்து. ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் 1809-இல் வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அப்புறம்தான் ஒரு நாடகக் கொட்டகை மீட்டர் கணக்கில் வலை வாங்கி இருபது பெண்களுக்குத் தைத்துக் கொடுக்க முடிந்தது.

நான் செய்யும் ஒரு சின்ன வேலை: அடி அடுக்குக்கான நெட்டை மட்டும் சொட்டு நீலம் கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பேன். வேட்டிக்குப் போடுவதைவிட ஒரு பங்கு கூடுதலாக. மேலே மூன்று வெள்ளை அடுக்கு விழும்போது மொத்தமும் நிலா வெளிச்சம் பட்ட மாதிரி இருக்கும்.

படி 2: வெட்டு

8 மீட்டரை இரண்டு 4 மீட்டர் துண்டாக்குங்கள். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் மடித்து நடுவில் வெட்டினால், 30 அங்குல உயரமும் 4 மீட்டர் நீளமும் உள்ள நான்கு பட்டைகள் கிடைக்கும். இப்போதைக்கு உயரத்தைக் குறைக்க வேண்டாம்.

யோக்குக்கு, அதாவது இடுப்பைப் பிடித்து நெட் அடுக்குகளைத் தாங்கும் மேல்பட்டைக்கு, அரை மீட்டர் வெள்ளைப் பாப்ளின் போதும். இடுப்புக்குக் கீழே அகலமான இடத்தின் சுற்றளவோடு 3 அங்குலம் கூட்டி, 6 அங்குல உயரத்தில் ஒரு பட்டை வெட்டி, மேல்விளிம்பு இடுப்பில் பிடிக்கும்படி நாலு டார்ட் பிடியுங்கள். திறப்பு பின்பக்கம், கொக்கி வைத்து.

படி 3: சுருக்கு

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். நான்கு மீட்டரை 36 அங்குலத்துக்குள் அடக்க வேண்டும். என் முதல் பாவாடையில் ஒரே வரிசை ஓட்டிவிட்டு வேகமாக இழுத்தேன். கடைசி அரை மீட்டரில் நூல் அறுந்தது. ஒரு மணி நேரச் சுருக்கு ஒரு நொடியில் தரையில் விரிந்து கிடந்தது.

ஆகவே இரண்டு வரிசை. மெஷினில் தையலை இருப்பதிலேயே பெரிதாக வையுங்கள். விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் ஒன்று, அரை அங்குலத்தில் ஒன்று. பட்டையை நாலாகப் பிரித்து, ஒவ்வொரு மீட்டருக்கும் நூலை நிறுத்தித் தனியாக ஓட்டுங்கள். அடிநூலை மட்டும் பிடித்து, இரண்டு வரிசையையும் சேர்த்து, பூச்சரம் நகர்த்துவது போல நெட்டைத் தள்ளிக்கொண்டே போங்கள். நூலை இழுக்காதீர்கள், துணியைத் தள்ளுங்கள். யோக்கையும் நாலாகக் குறித்து, கால்பாகத்துக்குக் கால்பாகம் குண்டூசி குத்துங்கள்.

படி 4: அடுக்கு

நீல அடுக்கை யோக்கின் கீழ்விளிம்பில் தையுங்கள். அடுத்தது அரை அங்குலம் மேலே, அதற்கடுத்தது இன்னும் அரை அங்குலம் மேலே. நாலையும் ஒரே கோட்டில் வைத்தால் இடுப்பில் வடம் கட்டிய மாதிரி தடித்துவிடும், ஊசியும் உடையும். ஒவ்வொன்றைத் தைக்கும்போதும் கீழ் அடுக்கை வழித்து ஒதுக்கி ஊக்கு குத்திவிடுங்கள். பிறகு ஒவ்வொரு பட்டையின் இரு முனைகளையும் பின்பக்கம் இணையுங்கள்.

படி 5: உயரம்

போடுபவரை ஸ்டூலில் ஏற்றி நிறுத்துங்கள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்துச் சுற்றி வந்து வெட்டுங்கள். நெட் பிரியாது, மடித்துத் தைக்கும் வேலை இல்லை.

எந்தப் பத்தாண்டுப் பாவாடை வேண்டும் என்பதையும் இங்கேதான் முடிவு செய்ய வேண்டும். 1845-இல் லண்டனில் டாக்லியோனி, கிரிசி, செரிட்டோ, கிரான் நால்வரும் ஒன்றாக ஆடிய 'பா த காத்ர்' கெண்டைக்கால் உயரம். 1870-களில் பிரெஞ்சு ஓவியர் டெகா வரைந்த பாலே பெண்களுக்கு முழங்காலை ஒட்டி வந்துவிட்டது. 1880-களில் இத்தாலிய ஆட்டக்காரிகள் கால் வேலையைக் கடினமாக்கினார்கள். 1885-இல் பீட்டர்ஸ்பர்க் போன வர்ஜீனியா சூக்கி பாவாடையை இன்னும் குறைத்தார். 1895-இல் 'ஸ்வான் லேக்'கில் பியெரினா லெஞ்ஞானி ஒற்றைக்காலில் 32 சுற்றுச் சுற்றியபோது, அதை மறைக்கும் பாவாடை யாருக்கு வேண்டும்? கத்தரியை நகர்த்தியது கால்தான், ஃபேஷன் இல்லை என்பது என் கட்சி.

மேல்சட்டைக்கு வெள்ளை சாட்டினில் உங்கள் ரவிக்கை அளவே போதும். கழுத்தை அகலமாக இறக்கி, முன்பக்கம் இடுப்புக்குக் கீழே கூர்மையாக முடியுங்கள். காலுக்கு மெல்லிய சாட்டின் செருப்பு. டாக்லியோனி போட்டதும் அதுதான், கெட்டி முனை கிடையாது, நுனியில் ஊசிநூலால் இழையோட்டி வலுப்படுத்தியது மட்டும். இதைப் பார்த்து நுனிவிரலில் நிற்க முயல வேண்டாம்.

இடையில் ஒரு நம்மூர்ச் சேதி. 1830-லேயே பாரிஸ் மேடையில் டாக்லியோனி இந்தியக் கோயில் நாட்டியக்காரியாக ஆடியிருந்தார். அசல் ஆட்டத்தைப் பாரிஸ் பார்த்தது 1838-இல், கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து அமனி என்ற நாட்டியக்காரியும் உடன் ஆடியவர்களும் போனபோது. அவர்கள் லண்டன் அடெல்ஃபி அரங்கிலும் ஆடினார்கள். டாக்லியோனிக்குச் சிலை செய்த பார் என்ற சிற்பியே அமனிக்கும் ஒன்று செய்தார்.

படி 6: நெருப்பு

இதைத் தாண்டிப் போகாதீர்கள். மேடை முழுக்க விளக்குச் சுடர், நடுவே பஞ்சு போன்ற பாவாடை. 1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டரின் பாவாடையில் தீப்பிடித்தது. சில நாளில் இறந்தார். 1862 நவம்பரில் பாரிஸ் ஓபரா ஒத்திகையில் எம்மா லிவ்ரி. டாக்லியோனியின் மாணவி அவர். எட்டு மாதம் வேதனைப்பட்டு இறந்தார். தீப்பிடிக்காமல் பதப்படுத்திய துணி அப்போதே இருந்தது. விறைப்பாகவும் அழுக்கு நிறத்திலும் இருக்கிறது என்று அவர் அதை மறுத்திருந்தார்.

நம் நைலான் நெட் உருகித் தோலில் ஒட்டும். ஆண்டு விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் நேரத்தில் இந்தப் பாவாடையோடு யாரும் மேடை ஓரத்தில் நிற்கக்கூடாது. ஆடும் முன் விளக்கை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

படி 7: சோதனை

அறை விளக்கை அணைத்து, போனின் டார்ச்சைத் தரையில் வைத்து, பாவாடை போட்டவரை ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். அவர் நின்ற பிறகும் பாவாடை ஒரு நொடி சுற்றிக்கொண்டே இருந்து, அப்புறம் அடங்க வேண்டும். உடனே நின்றுவிட்டால், எங்கோ ஓர் அடுக்கு அடுத்த அடுக்கின் தையலில் மாட்டியிருக்கிறது. பின்பக்கத்து இணைப்பை முதலில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.