சளி மாத்திரைக்குள்ளேயே காய்ச்சல் மாத்திரை இருக்கிறது: கூட்டு மருந்தைக் கவனமாகப் போடுவது எப்படி?

போன மார்கழியில் அப்பாவுக்கு ஜலதோஷம் பிடித்தது. வயது 68. பகலெல்லாம் தும்மல், மூக்கடைப்பு, ராத்திரியானால் காய்ச்சல். பக்கத்துத் தெரு டாக்டர் ஐந்து நாளுக்கு ஒரு சளி மாத்திரை எழுதினார், 1-1-1 என்று. காய்ச்சல் விடவில்லையே என்று வீட்டில் இருந்த டோலோ 650ஐ ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக அம்மா கொடுத்தார். தும்மல் நிற்கவில்லையே என்று, எனக்கு எப்போதோ எழுதிக்கொடுத்த அலர்ஜி மாத்திரையை ராத்திரியில் நான் கொடுத்தேன். மூன்றாம் நாள் நள்ளிரவில் அப்பாவுக்குச் சிறுநீர் வரவே இல்லை. அடிவயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய், டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள்.

அங்கே பணியில் இருந்த டாக்டர் எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்பச் சொன்னார். ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினார். பாராசிட்டமால் மட்டும் ஒரு நாளில் 4100 மி.கி. போயிருந்தது. அம்மாவும் நானும் அக்கறையோடுதான் கொடுத்தோம், நேரம் தவறாமல் கொடுத்தோம். எதற்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. இனி எந்த வீட்டிலும் இப்படி நடக்கக் கூடாது என்பதற்காக, இப்போது நாங்கள் செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: டாக்டரிடம் போகும்போது பழைய மாத்திரைகளையும் கொண்டுபோங்கள்

பிரஷர், சுகர், தைராய்டு, புராஸ்டேட், மனச்சோர்வு, வலிப்பு என்று எதற்குத் தினமும் மாத்திரை போட்டாலும் அந்த அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "பிரஷர் மாத்திரை போடுறேன் டாக்டர்" என்று வாயால் சொல்வது போதாது. அப்பா பிரஷரைச் சொன்னார். புராஸ்டேட்டுக்கு வேறொரு டாக்டரிடம் பார்ப்பதால் அதைச் சொல்லத் தோன்றவில்லை. சளிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும்தான் தோன்றும். சம்பந்தம் இருக்கிறது, படி 4இல் வருகிறேன்.

படி 2: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

நாங்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பின்பக்கம் பொடி எழுத்தில் "ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியவை" என்று ஆங்கிலத்தில் தொடங்கும் பட்டியல்தான் உண்மையான மருந்து. நம் ஊரில் சளிக்கு எழுதும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் இந்த மூன்றும் இருக்கும்:

பாராசிட்டமால் 325 அல்லது 500 மி.கி. காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும்.
ஃபீனைலெஃப்ரின் 5 அல்லது 10 மி.கி. ரத்தக் குழாயைச் சுருக்கி மூக்கடைப்பைக் குறைப்பதற்கு.
குளோர்பெனிரமைன் 2 மி.கி., அல்லது அதற்குப் பதில் செட்ரிசின், லீவோசெட்ரிசின். தும்மலுக்கும் மூக்கு ஒழுகுவதற்கும்.

பெயருக்கு அருகே "ஐ.பி." என்று இருந்தால் குழம்ப வேண்டாம். இந்திய மருந்துத் தரநூலின்படி தயாரித்தது என்று பொருள். அதே பெயரின் வாலில் பிளஸ், கோல்ட், எல்சி என்று ஒட்டியிருந்தால் உள்ளே இருக்கும் சரக்கே வேறு. "போன தடவை போட்ட அதே மாத்திரைதான்" என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் திருப்பிப் பாருங்கள்.

இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. மெடிக்கலில் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து ஐந்தாகக் கொடுப்பார்கள். மருந்தின் பட்டியலோ காலாவதித் தேதியோ கடைக்காரர் கையில் இருக்கும் மற்ற பாதியோடு போய்விடும். அப்பாவின் சளி மாத்திரையிலும் ஒரு முழு அட்டை போக மீதி ஐந்து அப்படித்தான் வந்தது. அந்தத் துண்டில் பாதிப் பெயரும் ஐந்து குமிழும்தான் மிச்சம். இப்போது நான் கத்தரிப்பதற்கு முன்பே "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று முழு அட்டையை வாங்கி, பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன். இதுவரை யாரும் முகம் சுளிக்கவில்லை. பொடி எழுத்து தெரியாவிட்டால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், பூதக்கண்ணாடி தேடவே வேண்டாம். 2023 ஆகஸ்டிலிருந்து 300 பிரபல மருந்துகளில் கியூஆர் கோடு அச்சிட வேண்டும் என்பது விதி. இருந்தால் ஸ்கேன் செய்து மருந்தின் பெயர், பேட்ச், காலாவதித் தேதி எல்லாம் பார்க்கலாம். ஆனால் கத்தரித்த அட்டையில் அதுவும் பாதியாகத்தான் இருக்கும். படம் எடுப்பதே மேல்.

அட்டையின் இடது ஓரத்தில் நீளமாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. அதை நாமாக வாங்கவும் வேண்டாம், மிச்சத்தை எடுத்துவைத்து அடுத்தவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். நான் செய்த தவறு அதுதான்.

படி 3: மருந்தின் பெயர்வாரியாகக் கூட்டுங்கள்

ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரிசை போடுங்கள். மாத்திரைக்கு அல்ல, உள்ளே இருக்கும் மருந்துக்கு. எங்கள் கணக்கு இது:

பாராசிட்டமால்: சளி மாத்திரையில் 500 × 3 = 1500. காய்ச்சல் மாத்திரையில் 650 × 4 = 2600. மொத்தம் 4100 மி.கி.

ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச வரம்பு 4000 மி.கி. வயதானவர்கள், 50 கிலோவுக்குக் குறைவானவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் மது குடிப்பவர்களுக்கு அதைவிடக் குறைவு. எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் 3000க்கு மேல் போவதே இல்லை என்று வைத்திருக்கிறோம். பாராசிட்டமால் அளவு மீறினால் முதல் நாள் குமட்டல் தவிர ஒன்றும் தெரியாமல் போகலாம். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஈரல் பாதிப்பு வெளியே தெரியும். அந்த நச்சை முறிக்க அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். ஆகவே கணக்கு மீறியது தெரிந்தால் "நல்லாத்தானே இருக்கார்" என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அப்பாவின் ஈரல் சோதனை சரியாக வந்தது. முடிவு வரும்வரை நாங்கள் பட்ட பாட்டை எழுத முடியாது.

இரண்டாவது வரிசை, அலர்ஜி மருந்து. குளோர்பெனிரமைன் மூன்று வேளை, அதற்கு மேல் நான் கொடுத்ததில் லீவோசெட்ரிசின். பெயர் வேறு, வேலை ஒன்று. ஒன்றுக்கு மேல் கூடவே கூடாது.

சரி, காய்ச்சல் விடவில்லை என்றால் என்ன செய்வது? சளி மாத்திரையில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருந்தால் தனியாக இன்னொன்று சேர்க்காதீர்கள். டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

படி 4: யாருக்கு எது ஆகாது

ஃபீனைலெஃப்ரின் மூக்கின் ரத்தக் குழாயை மட்டும் சுருக்குவதில்லை. ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். பிரஷர், இதய நோய், தைராய்டு அதிகம் சுரப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. மனச்சோர்வுக்கான சில மருந்துகளோடும் சேரவே சேராது. சிறுநீர்ப்பையின் கழுத்தையும் அது இறுக்கும். அப்பா புராஸ்டேட்டுக்குப் போடும் டாம்சுலோசின் அதே கழுத்தைத் தளர்த்துவதற்கான மருந்து. ஒரு கையால் திறந்ததை மறு கையால் பூட்டியிருக்கிறோம். போதாததற்குக் குளோர்பெனிரமைனும் சிறுநீர்ப்பை சுருங்கி வெளியேற்றுவதைத் தடுக்கும். கண் அழுத்த நோய் உள்ளவர்களும் இதைப் பற்றிக் கேட்க வேண்டும்.

இத்தனைக்கும், மாத்திரையாக விழுங்கும் ஃபீனைலெஃப்ரின் மூக்கடைப்பைக் குறைப்பதே இல்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் அதை அங்கே டாக்டர் சீட்டில்லாமல் விற்கும் மருந்துகளின் பட்டியலிலிருந்து நீக்கவும் அந்த அமைப்பு முன்மொழிந்தது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்துதான் என் தேர்வு. சைலோமெட்டாசோலின் சொட்டு சட்டென்று திறந்துவிடும், ஆனால் நாலைந்து நாளுக்கு மேல் விட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

படி 5: போடும் நாட்களில்

குளோர்பெனிரமைன் தூக்கம் வரவழைக்கும். முதல் மாத்திரை போட்டுவிட்டு வண்டி எடுக்காதீர்கள். மது கூடாது. வயதானவர்கள் ராத்திரி எழுந்து நடக்கும்போது தலைசுற்றி விழலாம், கழிவறை விளக்கைப் போட்டே வையுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம்.

கொடுத்த நேரத்தை எழுதக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள், நூலில் கட்டிய பேனா. இதற்கென்று இருக்கும் செயலிகள் மூன்றைப் பார்த்தேன். அம்மா கொடுத்ததும் நான் கொடுத்ததும் ஒரே இடத்தில் தெரிய வேண்டும், அதற்குத் தாளை மிஞ்சியது இல்லை. காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த மாத்திரை டப்பாவைச் சளி மருந்துக்கு வேண்டாம் என்பேன். அட்டையிலிருந்து பிரித்துவிட்டால் எது எதுவென்று தெரியாது.

மூச்சுத் திணறல், தடிப்பு, கண் மஞ்சள், சிறுநீர் தடைபடுதல், நிற்காத வாந்தி, மூன்று நாளைத் தாண்டும் காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள். மருந்தால் பக்கவிளைவு என்று தோன்றினால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நாமே பதிவு செய்யலாம்.

பின்சேர்க்கை 1: குழந்தைக்குப் பாதி மாத்திரை உடைத்துக் கொடுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கூடாது. குளோர்பெனிரமைனும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த குழந்தை மருந்தில், 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று அச்சிடும்படி 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி உத்தரவிட்டார். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்த பிறகு, 2 வயதுக்குக் கீழ் சளி, இருமல் மருந்தே எழுதக் கூடாது, 5 வயதுக்குக் கீழ் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது.

பின்சேர்க்கை 2: ஒரு தாய் எழுதியதைப் படித்துப் பதறிவிட்டேன். குழந்தையின் காய்ச்சல் சிரப் தீர்ந்துபோக, வீட்டில் இருந்த சொட்டு மருந்தை அதே 5 மி.லி. கொடுக்கப் போனாராம், கடைசி நொடியில் நிறுத்தியிருக்கிறார். சிரப்பில் பொதுவாக 5 மி.லி.க்கு 125 மி.கி. பாராசிட்டமால். சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கே 100 மி.கி. அதாவது நான்கு மடங்கு. அளவைக் குழந்தையின் எடையை வைத்து டாக்டர் சொல்ல வேண்டும். சமையலறைக் கரண்டி வேண்டாம், ஊசி இல்லாத அளவு சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 3: வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த சளி மாத்திரையில் பாராசிட்டமாலே இல்லையே என்று ஒருவர் படம் அனுப்பினார். அதில் இருந்தது அசிட்டமினோஃபென். அமெரிக்காவில் பாராசிட்டமாலுக்கு அதுதான் பெயர். உங்கள் தாளில் இரண்டையும் ஒரே வரிசையில் எழுதிக் கூட்டுங்கள்.