ஜெரேனியம் பூத்த ஆறு சட்டிகள்: அமெரிக்கச் செவ்வியல் நாவல்களை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேகோம்ப் ஊரின் குப்பைமேட்டுக்குப் பின்னால் யூவெல் குடும்பத்தின் வீடு. முற்றமெல்லாம் ஓட்டை உடைசல். அந்த அலங்கோலத்தின் ஒரு மூலையில் மட்டும், எனாமல் உதிர்ந்த ஆறு சட்டிகளில் சிவப்பு ஜெரேனியம் பூத்து நிற்கிறது. அந்த வீட்டு மூத்த பெண், பத்தொன்பது வயது மெயெல்லா, அவற்றை அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று ஊரில் பேச்சு.

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலில் இது சட்டென்று வந்து போகும் இடம். வகுப்பில் மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "இது இனவெறி பற்றிய நாவல்" என்ற ஒற்றை வரியோடு உள்ளே வருகிறார்கள். அந்த வரிக்குள் அடங்காத எதுவும் கண்ணில் படுவதில்லை. நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு இது. வர்க்கம் ஒரு கேள்விக்கு, இனம் ஒரு கேள்விக்கு, பெண் நிலை ஒரு கேள்விக்கு என்று பாகம் பிரித்துப் படிப்பது.

மெயெல்லாவை அப்படிப் பிரிக்க முடியாது. அவள் வெள்ளைக்காரி, அதனால், தன்னிடம் பாலியல் வன்முறை செய்ததாக அவள் குற்றம் சாட்டும் கறுப்பரான டாம் ராபின்சனுக்கு மேலே இருக்கிறாள். பரம ஏழை, அதனால் ஊரில் ஒருவர்கூட அவளோடு பழகுவதில்லை. மகள், அதனால் குடிகாரத் தகப்பனிடம் அடி வாங்கிக்கொண்டு, தனக்குப் பின் பிறந்த ஏழு பேருக்குத் தாயாகவும் இருக்கிறாள். பிள்ளைகளை ஐஸ்கிரீம் சாப்பிட அனுப்ப ஐந்து சென்ட் காசுகள் ஏழு சேர்க்க அவளுக்கு ஒரு வருஷம் ஆகிறது. நீதிமன்றத்தில் டாமின் வழக்கறிஞர் ஆட்டிகஸ் ஃபின்ச் அவளை "மிஸ் மெயெல்லா" என்றும் "மேம்" என்றும் அழைக்கிறார். கேலி செய்கிறார் என்று அவள் கொதிக்கிறாள். அப்படி யாரும் கூப்பிட்டுக் கேட்டிராத பெண்ணுக்கு மரியாதையும் குத்தலாகத்தான் விழும்.

அதே மெயெல்லாதான் பொய்ச் சாட்சி சொல்லி ஒரு மனிதனின் வாழ்க்கையை அழிக்கிறாள். டாமின் இடது கை பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிச் செயலற்றுப் போனது. அவள் முகத்துக் காயம் வலப்பக்கம், இடது கையால் அடித்தால் விழும் பக்கம். சாட்சியங்கள் அவன் பக்கம் நிற்கின்றன. கூலி வாங்காமல் அவளுக்கு ஏன் உதவினாய் என்று கேட்கும்போது, அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது என்கிறான். அரசுத் தரப்பு வழக்கறிஞர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு கறுப்பர் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்காக இரங்குவதா? இரங்குகிறவன் மேலே, இரங்கப்படுகிறவள் கீழே என்றாகிவிடுமே! உண்மையில் வாழ்க்கை வசதியில் அவள் கீழேதான். அதை வாய்விட்டுச் சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை. இந்த ஒரு சொல்லைக் கூர்ந்து படித்தால், வர்க்கமும் இனமும் பெண்ணின் 'மானமும்' எப்படி ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன என்பது விளங்கும். மெயெல்லாவை வெறும் கொடியவளாகவும் ஆக்காதீர்கள், வெறும் அப்பாவியாகவும் ஆக்காதீர்கள்.

ஏழைகளை ஒரே கூட்டமாகப் பார்ப்பது

வால்டர் கன்னிங்ஹாம் பள்ளிக்குச் சாப்பாடு கொண்டுவராத பையன். ஆசிரியை காசு கொடுத்தாலும் வாங்கமாட்டான். திருப்பித் தர முடியாத எதையும் அந்தக் குடும்பம் தொடுவதில்லை. அவன் அப்பா வழக்கறிஞர் கட்டணத்தை விறகாகவும் கீரையாகவும் கொண்டுவந்து அடைக்கிறார். ஆட்டிகஸ் ஃபின்ச்சின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வால்டர் சோறு கறி எல்லாவற்றின் மீதும் பாகை ஊற்றும்போது அவருடைய மகள், சிறுமி ஸ்கவுட் கூச்சல் போடுகிறாள். சமையல்காரப் பெண்மணி கல்பர்னியா அவளை அடுக்களைக்கு இழுத்துப்போய் வெளுத்து வாங்குகிறார். பின்னால் அத்தை அலெக்ஸாண்ட்ரா, அந்தப் பையனோடு பழகக்கூடாது, அவன் 'குப்பை' என்கிறார். யூவெல்களைச் சொல்லும் அதே சொல். ஆனால் இரண்டு வீடுகளும் ஒன்றல்ல. அண்ணன் ஜெம் உலகத்தில் நான்கு வகை மக்கள் என்று எண்ணிக் காட்டுவது அதனால்தான்: நம்மைப் போன்றவர்கள், கன்னிங்ஹாம்கள், யூவெல்கள், கறுப்பர்கள்.

இங்கே தமிழ் வாசகருக்கு உடனே சாதி நினைவுக்கு வரும். ஒப்பிடுவதில் தவறில்லை. ஆனால் யூவெல்களை நம்மூர் ஒடுக்கப்பட்ட சாதியின் இடத்தில் வைத்துவிட்டால் நாவல் தலைகீழாகிவிடும். எத்தனை இழிவாகப் பேசப்பட்டாலும், நீதிமன்றத்தில் அவர்கள் சொல்தான் செல்கிறது. தோல் நிறம் என்ற அந்த ஒரே சொத்து அவர்கள் கையைவிட்டுப் போவதில்லை.

ஆண்டுகளைக் குழப்புவது

கதை நடப்பது 1930களின் அலபாமாவில். நாவல் வெளிவந்தது 1960இல். இடையில் 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1955 கடைசியில் அலபாமாவின் மான்ட்கோமரியில் கறுப்பர்களின் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியிருந்தது. முதல் வாசகர்கள் கையில் எடுத்தது பழங்கதையை அல்ல. அண்டை வீட்டு மிஸ் மாடி ஏன் ஜூரியில் உட்காருவதில்லை என்று பிள்ளைகள் கேட்க, அவர் பெண் என்பதால் முடியாது என்கிறார் ஆட்டிகஸ். புத்தகம் கடைக்கு வந்த நாளிலும் அலபாமாவில் அதுதான் சட்டம். அந்தத் தடை நீதிமன்றத்தில் விழுந்தது 1966இல்.

'பெண்' என்று ஒரே சொல்லில் முடிப்பது

கேட் ஷோப்பனின் 'தி அவேக்கனிங்' (1899) நாவலில் எட்னா, மனைவி, தாய் என்ற வேடங்களை உதறுகிறாள். அவளைக் கொண்டாடி எழுதும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. எட்னா கடலில் நீந்தும்போதும், ஓவியம் வரையும்போதும் அவள் குழந்தைகள் பின்னால் யார் நடக்கிறார்கள்? கலப்பினத் தாதி ஒருத்தி, எங்கோ நினைவாக, முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறாள். கடைசிவரை அவளுக்குப் பெயர் இல்லை. எட்னாவின் தவிப்பு பொய் என்று சொல்லவில்லை. அந்த ஓய்வு நேரம் யாருடைய உழைப்பில் கிடைத்தது என்று கேட்காமல் அவளைப் பெண்கள் அனைவரின் பிரதிநிதி ஆக்காதீர்கள்.

ஸோரா நீல் ஹர்ஸ்டனின் 1937 நாவலான 'தெயர் ஐஸ் வேர் வாட்ச்சிங் காட்' மறுபக்கத்தைக் காட்டுகிறது. அடிமையாகப் பிறந்த பாட்டி, கறுப்பினப் பெண்தான் உலகத்தின் கோவேறு கழுதை என்கிறாள். சுமை கைமாறிக் கைமாறிக் கடைசியில் அவள் தலையில்தான் இறங்குகிறது. பேத்தி ஜேனியை அறுபது ஏக்கர் நிலக்காரருக்குக் கட்டிவைக்கிறாள். அவளைப் பழமைவாதக் கிழவி என்று தள்ளுவது எளிது. வெள்ளைக்கார எஜமானிகள்போல் திண்ணையில் ஓய்வாக உட்காருவதுதான் அவள் கண்ட சுகத்தின் உச்சம். இரண்டாவது கணவன் ஜோ ஸ்டார்க்ஸ் ஜேனியை அந்த உயரத்தில்தான் உட்கார வைக்கிறான். கூடவே கூந்தலைத் துணியால் கட்டச் சொல்கிறான், ஊரார் பேச்சில் கலந்துகொள்ளக்கூடாது என்கிறான்.

"லில்லி பார்ட் வேலைக்குப் போயிருக்கலாமே?" இடித் வார்ட்டனின் 'தி ஹவுஸ் ஆஃப் மர்த்' (1905) படித்தவர்கள் கேட்கும் கேள்வி. போனாள். தொப்பித் தயாரிப்புக் கூடத்தில் உட்கார்ந்து தைத்தாள். ஊசி அவள் கைக்கு வசப்படவில்லை. அலங்காரப் பொருளாக வளர்க்கப்பட்ட விரல்கள் அவை. அத்தை விட்டுச்சென்ற 10,000 டாலரில் ஏறக்குறைய ஒன்பதாயிரத்தை, ஓர் ஆணிடம் பட்ட கடனைத் தீர்க்கவே எழுதிக்கொடுக்கிறாள். இதே நாவலில் யூதரான ரோஸ்டேலை வருணிக்கும் இடங்களில் வார்ட்டனின் சொந்தத் துவேஷம் தெரிகிறது. அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று மழுப்ப வேண்டாம். அதற்காகப் புத்தகத்தை மூடவும் வேண்டாம், கட்டுரையில் எழுதுங்கள்.

தீயவர்களிடம் மட்டும் துவேஷத்தைத் தேடுவது

துவேஷம் படிக்காதவர்களின் நோய் என்பது பிடிவாதமான தவறு. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி'யில் வெள்ளை இனம் மூழ்கப்போகிறது என்று பதறும் டாம் புக்கானன் யேல் பல்கலைக்கழகத்தில் படித்த கோடீஸ்வரன். நாவல் வந்தது 1925. முந்தைய ஆண்டுதான் அமெரிக்கா குடியேற்றத்தைக் கடுமையாகச் சுருக்கிச் சட்டம் போட்டிருந்தது.

மேகோம்பில் ஃபின்ச் வீட்டில் அத்தை அலெக்ஸாண்ட்ரா வைக்கும் தேநீர் விருந்தில் சத்தமே இல்லை. எங்கோ தொலைதேசத்தில் இருக்கும் ம்ரூனா மக்களுக்காக மிசஸ் மெர்ரிவெதர் கண் கலங்குகிறார். அடுத்த மூச்சில், தன் வீட்டு வேலைக்காரி சோஃபி, டாம் ராபின்சன் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு முகத்தைத் தூக்கிவைத்திருப்பதாகக் குறைப்படுகிறார். கஞ்சிபோட்ட ஏப்ரனில் கல்பர்னியா தட்டேந்தி வந்து போகிறார். இளஞ்சிவப்பு ஞாயிற்றுக்கிழமை உடைக்குள் கால்சட்டை போட்டுக்கொண்டு, சீமாட்டியாகப் பழகும் ஸ்கவுட்டின் கண் வழியே இதைப் பார்க்கிறோம். கல்பர்னியா மனதில் ஓடுவதை அறிய வழியில்லை.

இதற்கு முன்பே ஒருநாள், கல்பர்னியா வீட்டுக்குப் போய்வரட்டுமா என்று ஸ்கவுட் கேட்டாள். அப்பா பதில் சொல்லும் முன்பே அத்தை, கூடாது என்றார். நாவல் முடியும்வரை அந்த வீட்டு வாசலை நாம் பார்ப்பதே இல்லை.